போஞ்சியும் கௌபியும்

கல்முனைக் கடைத்தெருவிலே பெரிய பலசரக்குக் கடை ஒன்றினுள் நுழைந்தால், ரின்மீன் அடுக்கிய தட்டுக்குப் பக்கத்தில் வேறொரு தகரப் பேணியையும் காணலாம். வெண்ணிறமான பயற்றைத் தக்காளிக் குழம்பில் வேகவைத்து அடைத்த பேணி அது. 'பேக்ட் பீன்ஸ்' என்பது அதன் பெயர். வளைகுடா நாடுகளில் உழைப்போர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது கொண்டுவரும் பெட்டிகளிலும் அது இடம்பெறுவதுண்டு. வீட்டிலே பிள்ளைகள் அதனைப் பாணுடன் சேர்த்து விரும்பி உண்பர்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் வராத ஒரு நாளில், எங்கள் பாடசாலையின் ஒன்பதாந் தர வகுப்பொன்றுக்கு நான் செல்ல நேர்ந்தது. அப்போது ஒரு மாணவி எழுந்து, "சேர், பேணியில் வருகிற பீன்ஸ் எந்தச் செடியில் காய்க்கிறது?" என்று கேட்டாள். "அது வெள்ளைக்காரர் நாட்டுப் பயறு, நமது நாட்டில் இல்லாத செடி" என்று சொல்லி அவளை அமரச் செய்தேன். நான் கலைத்துறைப் பட்டதாரி; பயிர்நூல் கற்றவனல்லன். அன்று மாலை வீட்டிலே நூல்களைப் புரட்டியபோதுதான், நான் கூறிய விடை முற்றிலும் பிழை என்பதை அறிந்தேன். அது வெள்ளைக்காரர் நாட்டில் தோன்றிய பயறுமன்று. நமது நாட்டில் இல்லாத செடியுமன்று. மறுநாள் வகுப்புக்குச் சென்று அதனை ஒப்புக்கொண்டேன். அந்தப் பிழையைத் திருத்தப் புகுந்த முயற்சியில் நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

பேணியிலே வரும் அந்தப் பயறு, நாம் அன்றாடம் சந்தையில் வாங்கும் போஞ்சியின் முற்றிய விதையேயாகும். இரண்டும் ஒரே இனம். 1753 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இவ்வினத்துக்குப் 'பாசியோலஸ் வல்காரிஸ்' எனப் பெயரிட்டார். 'வல்காரிஸ்' என்றால் 'எங்கும் உள்ள, சாதாரணமான' என்பது பொருள். காய் பிஞ்சாக இருக்கும்போது பறித்துத் தோலோடு சமைத்தால் அது போஞ்சிக் கறி. அதே காயைப் பறிக்காது செடியிலேயே விட்டு, தோல் வைக்கோல்போற் காய்ந்து, உள்ளேயுள்ள விதை கல்லுப்போல் இறுகியபின் எடுத்தால் அது உலர்ந்த பயறு. சிவப்பு நிறமும் சிறுநீரக வடிவமுங் கொண்டு, இந்தியாவில் ராஜ்மா எனப் பெயர் பெற்றதும் இவ்வினத்தின் விதையே. கறுப்பு, புள்ளி, வெள்ளை எனப் பல நிறங்களில் இவ்விதைகள் உள. அவற்றுள் வெள்ளையாய், சிறியதாய், ஏறத்தாழ முட்டை வடிவினதாய் உள்ள ஒரு வகையே பேணிக்குள் அடைபடுகின்றது.

இனம் ஒன்றாயினும் சாதி வேறு என்பதை இங்கே மறத்தலாகாது. காய்க்காகப் பயிரிடப்படும் போஞ்சியில் தோல் சதைப்பற்றுள்ளதாகவும், நார் குறைந்ததாகவும் இருக்கும்படி மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வந்துள்ளான். விதைக்காகப் பயிரிடப்படுவதிலோ தோல் மெல்லியது; உட்புறம் காகிதம்போன்ற படலமுடையது; காய்ந்ததும் எளிதில் வெடித்து விதையைத் தரும். நமது மலைநாட்டுத் தோட்டங்களிலே கம்பு நாட்டிப் படரவிடும் கொடிப்போஞ்சியைக் காண்கின்றோம். பேணிக்கான வகை பெரும்பாலும் குத்துச்செடி. இயந்திரத்தால் அறுவடை செய்ய ஏற்றது. விதைத்த ஏறத்தாழ மூன்று மாதங்களில் அதன் விதை முற்றிவிடும்.

இச்செடியின் தாயகம் யாது? ஆசியாவுமன்று, ஐரோப்பாவுமன்று, அமெரிக்கக் கண்டமாகும். மெக்சிக்கோவின் மேட்டுநிலங்களிலும், தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரலிலும் வாழ்ந்த ஆதிக்குடிகள் ஒருவரையொருவர் அறியாமலே இதனைக் காட்டுச் செடியிலிருந்து வளர்ப்புப் பயிராக்கினர் என்பது ஆய்வாளர் முடிபு. அந்தீசு வழிவந்தவை பெரும்பாலும் பருத்த விதையுடையன. மெக்சிக்கோ வழிவந்தவை சிறிய விதையுடையன. பேணியில் வரும் வெள்ளை விதை பின்னைய வழியினது. அம்மக்கள் சோளத்தோடும் பூசணியோடும் இதனை ஒரே நிலத்திற் கலந்து விதைத்தனர். சோளத்தண்டு கொடி படரக் கம்பாயிற்று. பூசணியிலை நிலத்தை மூடி ஈரம் காத்தது. நமது மாவட்டத்துச் சேனைப் பயிர்ச்செய்கையில் சோளமும் பூசணியும் கௌபியும் ஒரே துண்டில் நிற்பதைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

1492 ஆம் ஆண்டில் கொலம்பஸ் அமெரிக்கா சென்றதன் பின்னரே போஞ்சி ஐரோப்பாவை அடைந்தது. ஆகவேதான் நமது சங்க இலக்கியத்தில் அவரை உண்டு, உழுந்து உண்டு, கொள்ளும் பயறும் உண்டு, போஞ்சி இல்லை. அகநானூற்றின் 86 ஆம் பாட்டிலே கலியாண விருந்தில் உழுந்து இடம்பெறுகின்றது. அந்தப் புலவர் போஞ்சியைக் கண்டிருக்க வழியில்லை.

அப்படியாயின், அது நமது தீவுக்கு வந்த கதையை எது சொல்கின்றது? 'போஞ்சி' என்ற சொல்லே சொல்கின்றது. ஒல்லாந்தர் தம் மொழியில் அவரையினத்தை 'போன்' என்பர். சிறியதாகச் சுட்டும்போது 'போன்ச்சே' என்பதுபோல் ஒலிப்பர். 1658 முதல் 1796 வரை இத்தீவின் கரையோரங்களை ஆண்ட அவர்கள் விட்டுச்சென்ற சொல்லே, சிங்களத்திலும் நமது தமிழிலும் போஞ்சியாக நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டார் இதனைப் 'பீன்ஸ்' என்கின்றனர். அது அவர்களுக்கு ஆங்கிலேயர் தந்த சொல். அதுபோலவே முட்டைக்கோசை நாம் 'கோவா' என்கின்றோம். அது போர்த்துக்கேயர் தந்தது. ஆண்டவர்கள் போய்விட்டனர், அவர்கள் பயிருக்கிட்ட பெயர்களை நமது அடுக்களைகள் இன்னும் காத்து வருகின்றன.

இனி, வெள்ளை விதை பேணிக்குள் புகுந்த வரலாற்றைக் காண்போம். அமெரிக்கக் கடற்படையினருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு இதுவே வழக்கமான உணவாயிற்று. ஆகவே அந்நாட்டார் இதனைக் 'கடற்படைப் பயறு' என்றே அழைக்கின்றனர். உலர்ந்த விதை கெடாது, நெடுநாட் பயணத்துக்கு உகந்தது, வயிற்றை நிரப்புவது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியினர் இவ்விதையை மட்பாண்டத்திலிட்டு, கரும்புப்பாகும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் சேர்த்து, பாண் சுடும் போறணையில் மணிக்கணக்காக வைத்துச் சமைத்தனர். 'பேக்ட்' என்ற அடைமொழி இவ்வாறே வந்தது. பின்னர் ஹைன்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் இவ்வுணவைப் பேணியில் அடைத்து, 1886 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் செல்வர் செல்லும் கடையொன்றில் விற்பனைக்கு வைத்தது. அன்று அது ஓர் ஆடம்பரப் பண்டம். 1928 இல் இங்கிலாந்திலேயே அதனைத் தயாரிக்கத் தொடங்கினர். நாளடைவில் அது தொழிலாளர் வீட்டுக் காலையுணவாயிற்று. பழைய முறையில் இருந்த பன்றியிறைச்சியும் பிரித்தானியப் பேணியிலிருந்து நீங்கிற்று.

இன்று தொழிற்சாலையில் நடைபெறுவது யாது? உலர்ந்த விதையைக் கல், தூசி, பழுதான விதை ஆகியன நீக்கித் தெரிவு செய்கின்றனர். பின் சுடுநீரில் பதப்படுத்தி, பேணியிலிட்டு, தக்காளிக் குழம்பு ஊற்றி, காற்றுப் புகாது மூடுகின்றனர். மூடிய பேணியை அழுத்தம் மிகுந்த நீராவிக்குள் வைத்து, நீரின் கொதிநிலையினும் கூடிய வெப்பத்தில் வேகவைக்கின்றனர். கிருமி அழிவதும் விதை வேகுவதும் அந்த நிலையிலேயே. ஆகவே பெயர்தான் 'போறணையில் சுட்டது'. உண்மையில் அது நீராவியில் அவித்தது. இப்படி வெந்த விதையை எந்த மண்ணில் ஊன்றினாலும் முளைக்காது.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பேணிப் பயற்றை இத்துணை விரும்பி உண்ணும் பிரித்தானியர், அதற்கான விதையை நெடுங்காலமாகக் கனடாவிலும் அமெரிக்காவிலுமிருந்தே தருவித்து வந்தனர். காரணம் குளிர். போஞ்சி உறைபனியைத் தாங்காது. மண் சூடேறாவிடின் விதை முளைக்காது அழுகும். பிந்தி விதைத்தாலோ, விதை காயவேண்டிய காலத்தில் இலையுதிர்கால மழை வந்துவிடும். இங்கிலாந்தின் வோரிக் பல்கலைக்கழகத்தார் பல்லாண்டு உழைத்து, அந்நாட்டுக் காலநிலைக்கேற்ற வகைகளை உருவாக்கினர். அவை வயல்வெளிப் பயிர்ச்செய்கைக்கு வந்தது மிக அண்மைக் காலத்திலேயே. தாம் நாள்தோறும் உண்பதைத் தம் மண்ணில் விளைவிக்க அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

அங்கே குளிர் தடையாயிற்று. நமது கரையிலே தடையாவது யாது? அதனை நூலில் படித்ததைவிடப் பாடசாலைத் தோட்டத்தில் கண்டதே என் மனத்திற் பதிந்தது.

அந்த மாணவியின் கேள்விக்குப் பின், மலைநாட்டில் ஆசிரியப்பணி புரியும் நண்பர் ஒருவரிடம் போஞ்சி விதை கேட்டேன். சிறிய பொதியொன்று வந்தது. சித்திரை முடியும் தறுவாயில், பாடசாலைத் தோட்டத்தில் ஒரு பாத்தியிலே போஞ்சியும், அடுத்த பாத்தியிலே பயற்றங்காயும் மாணவர்கள் ஊன்றினார்கள். இரண்டும் முளைத்தன. காலையும் மாலையும் முறைவைத்து நீரூற்றினர். போஞ்சி செழித்து வளர்ந்தது; பூவும் பூத்தது. மாணவர்கள் காய் எண்ணக் காத்திருந்தனர். ஆனால் அதற்குள் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாட் காலையிலும் பாத்தியில் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. ஈற்றில் கிடைத்தவை வளைந்து சூம்பிய சில காய்களே. அடுத்த பாத்தியிலோ பயற்றங்காய் சரஞ்சரமாகத் தொங்கிற்று. அதே மண், அதே நீர், அதே பிள்ளைகளின் கை.

பூ உதிர்ந்தமைக்குக் காரணம் இதுவே. போஞ்சிப் பூ பெரும்பாலும் தனக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்வது. வண்டின் உதவி அதற்கு இன்றியமையாததன்று. ஆனால் மகரந்தம் உருவாகும் நாட்களில் வெப்பம் மிகுமாயின் அம்மகரந்தம் வலுவிழக்கும். பகல் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டி, இரவும் குளிராதிருப்பின் சூல் கருக்கொள்ளாது. கருக்கொள்ளாத பூவைச் செடி உதிர்த்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் நமது கரையோரத்தில் 30 பாகையைத் தாண்டாத பகல் அரிது. இரவும் புழுக்கந்தான். மேட்டுநிலத்திற் பிறந்த செடிக்கு இது ஒவ்வாத இடம்.

ஆனால் அதே தீவிலே, ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலுள்ள பண்டாரவளையிலும், வெலிமடையிலும், 1,800 மீற்றருக்கு மேல் அமைந்த நுவரெலியாவிலும் போஞ்சி தன் தாயகத்தைக் கண்டதுபோல் விளைகின்றது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். அந்த ஆறு பாகையே காய்க்கும் செடிக்கும் காய்க்காத செடிக்கும் உள்ள வேறுபாடு. அங்குள்ள விவசாயியும் விதை முற்றும்வரை காத்திருப்பதில்லை. பச்சைக்காய் சில வாரங்கள் முந்திப் பணமாகும். மழை மிகுந்த மலையிலே காயைச் செடியில் காயவிடுவதும் எளிதன்று. ஆதலால் போஞ்சி காயாகவே மூடையிற் கட்டப்பட்டு, லொறியேறி, மலையிறங்கி, நமது சந்தைக்கு வந்து சேர்கின்றது.

இப்பொழுது அடுத்த பாத்தியிற் காய்த்த பயற்றங்காயைக் கவனியுங்கள். அதன் வரலாறு போஞ்சியின் வரலாற்றைப் போன்றதே. நாம் உலர்ந்த பயறாக வாங்கும் கௌபியும், பச்சையாகக் கறி சமைக்கும் பயற்றங்காயும் ஒரே இனம் என்பது உங்களிற் பலருக்கு வியப்பாக இருக்கலாம். இவ்வினத்தின் பெயர் 'விக்னா உங்குவிகுலாட்டா'. தாயகம் ஆபிரிக்கா. அங்கிருந்து பண்டைக் காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து, கிழக்காசியா வரை பரவியது. விதைக்காக வளர்த்த வழியிலே கௌபி. நீண்ட இளங்காய்க்காக வளர்த்த வழியிலே பயற்றங்காய். பயற்றங்காயின் இலத்தீன் பெயரில் 'ஒன்றரை அடி நீளமுள்ளது' என்ற சொல்லும் சேர்ந்திருக்கின்றது. எனவே, போஞ்சிக்குப் பேணிப் பயறு எப்படியோ, பயற்றங்காய்க்குக் கௌபி அப்படி.

ஆபிரிக்காவின் வெயிலிற் பிறந்த இச்செடி நமது வெயிலைக் கண்டு அஞ்சுவதில்லை. மணற்பாங்கான மண்ணிலும் வேரூன்றும். குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேரிலே சிறு கணுக்கள் உண்டு. அவற்றுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன. அக்குடும்பத்துப் பயிர்களுள் போஞ்சி இத்தொழிலிற் பின்தங்கியது, கௌபி தேர்ந்தது. நெல் அறுத்த வயலிலோ மேட்டுக் காணியிலோ கௌபியை விதைத்தவன், விதையோடு மண்ணுக்கு உரத்தையும் பெற்றுக்கொள்கின்றான்.

உணவுச்சத்தில் எது மேல் என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். 100 கிராம் உலர்ந்த போஞ்சி விதையில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. கௌபியிலும் அதற்குக் குறையாத அளவு உண்டு. அரிசியோடு இவற்றைச் சேர்த்துண்ணும்போது, ஒன்றில் குறைந்த புரதக்கூறை மற்றது நிரப்புகின்றது. ஆனால் பேணியில் உள்ளது உலர்ந்த விதையன்று. நீர்கொண்டு வெந்த விதையும் குழம்பும். உள்ளடக்கத்தில் விதை ஏறத்தாழப் பாதியே. அரைப் பேணியில் கிடைக்கும் புரதம் பத்துக் கிராமுக்குச் சற்று அண்மையில் நிற்கும். அதனோடு இரண்டு தேக்கரண்டியளவு சீனியும், ஒரு கிராமுக்கு மேற்பட்ட உப்பும் உடம்பிற் சேரும். வகைக்கு வகை இது வேறுபடும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் மலிந்த நமது ஊர்களில் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. பேணிப் பயறு தீய உணவென்று நான் சொல்லவில்லை. அவசரத்துக்கு உதவும் நல்லுணவே அது. ஆனால் பேணியில் வந்ததனால் மட்டும், அவித்த கௌபியைவிட உயர்ந்தது என்று எண்ணுவது தவறு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லவேண்டும்.

முதலாவது, நாம் முஸ்லிம்கள் என்ற வகையில். நான் முன்னர் கூறியபடி, இவ்வுணவின் பழைய முறையில் பன்றியிறைச்சி இருந்தது. பிரித்தானிய வகைகளிற் பெரும்பாலானவை இப்போது தாவர உணவே. ஆயினும் அமெரிக்காவில் பன்றியிறைச்சியோ அதன் கொழுப்போ சேர்த்த பேணிகள் இன்றும் விற்கப்படுகின்றன. பேணியின் முகப்புப் படத்தைப் பார்த்து வாங்காமல், பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டுள்ள சேர்மானங்களையும் ஹலால் முத்திரையையும் வாசித்து வாங்குங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பின், அவர்கள் கற்ற கல்வி அந்த இடத்திலே உதவட்டும்.

இரண்டாவது, உடல்நலம் பற்றியது. பேணியில் உள்ளது வெந்தது, அதனால் தீங்கில்லை. ஆனால் சிலர் கடையில் உலர்ந்த போஞ்சி விதையை, சிறப்பாகச் சிவப்பு விதையை, வாங்கி வீட்டிலே சமைக்கின்றனர். இவ்விதையில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் உண்டு; சிவப்பு விதையில் அது மிகுதி, வெள்ளையிற் குறைவு. சரியாக வேகாத நான்கைந்து விதைகளே கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கப் போதும். ஆகவே, குறைந்தது ஐந்து மணித்தியாலமேனும் நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் இட்டுத் தளதளவென்று கொதிக்க வையுங்கள். பத்து நிமிடக் கொதிப்பு நஞ்சை அழிக்கும் என்பர். அரை மணித்தியாலம் கொதித்தால் ஐயத்துக்கு இடமில்லை. அதன்பின் மெதுவாக வேகவிடலாம். கொதிக்காத இளஞ்சூட்டிலே நெடுநேரம் வைத்தால் நஞ்சு அழியாததோடு, அதன் வீரியம் கூடவும் செய்யும். விதை மெதுவாயிற்று என்பதைக் கொண்டு நஞ்சு நீங்கிற்று எனக் கொள்ளலாகாது.

நேயர்களே, 2022 ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருளுக்காக வீதியோரம் இரவும் பகலும் காத்திருந்த ஆண்டு அது. கடல்கடந்து வரும் பேணியின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. எரிபொருளின்றி லொறிகள் முடங்க, மலையிலிருந்து வரும் போஞ்சியும் அருகிற்று. அந்நாட்களில் எங்கள் பகுதியிலே பல வீடுகளில் காலையுணவாக நின்று பசி தீர்த்தது எது? அவித்த கௌபியும் துருவிய தேங்காயும் மிளகாய்ச் சம்பலுமே. வேலியோரத்துப் பயற்றங்காய்க் கொடி கறிக்கு உதவிற்று. கையிற் பணமுள்ள நாளில் ஏழைப் பண்டமென்று நாம் ஒதுக்கிய பயறு, பணம் மதிப்பிழந்த நாளில் நம்மைக் கைவிடவில்லை.

இதனால் பேணியை வாங்காதீர்கள் என்பதன்று என் வேண்டுகோள். வாங்கும் பொருள் என்ன செடி, எங்கிருந்து வந்தது, எவ்வாறு வெந்தது என்பதை அறிந்து வாங்குங்கள். அதே சமயம், வளவிலே பத்தடி நிலம் உள்ளவர்கள் மாரி மழை ஓய்ந்ததும் ஒரு பிடி கௌபியை ஊன்றுங்கள். வேலியில் நான்கு பயற்றங்காய் விதையைப் போடுங்கள். பிரித்தானியர் தம் காலநிலைக்கு ஒவ்வாத ஒரு செடியைப் பழக்கிக்கொள்ள அரும்பாடு பட்டனர். நமது காலநிலைக்கு ஏற்ற செடியோ நமது கையிலேயே இருக்கின்றது.

அந்த மாணவி இன்று எங்கள் பாடசாலையை விட்டுச் சென்றுவிட்டாள். அவள் நாட்டிய பாத்தியில் ஆண்டுதோறும் பிள்ளைகள் பயற்றங்காய் ஊன்றுகின்றனர். ஒரு மூலையில் மட்டும் சில போஞ்சி விதைகளையும் ஊன்றச் சொல்கின்றேன். அவை பூக்கும், உதிரும். "ஏன் சேர் இது காய்க்கவில்லை?" என்று புதிதாக வரும் பிள்ளையொன்று கேட்கும். இப்போது அதற்குச் சரியான விடை சொல்ல என்னால் முடிகின்றது.